உண்மை நகல்

கோட்டையூரில் அந்த வீட்டை
ஒருநாள் வாடகைக்கு எடுத்திருந்தது பல்கலைக்கழகம்.
பட்டமளிப்பு விழாவுக்கு
வாசலில் நின்று பன்னீர் தெளிக்கப்
பன்னிரண்டு பெண்கள் வேண்டும்.
வந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.
போன வருடம் நின்றவள் என்பதால்
மதிப்பெண் போடும் மூன்று பென்சில்களில்
ஒன்று என் கையில்.

தூண் பர்மாவிலிருந்து வந்ததாம்.
கண்ணாடி பெல்ஜியம், தரை இத்தாலி,
சரவிளக்கு எந்த ஊர் என்று
காவலாளிக்கே தெரியவில்லை.
கப்பலேறி வந்த சாமான்களுக்கெல்லாம்
அந்த வீட்டில் ஒரு மூலை இருந்தது.
சுவரில் முட்டையின் வெள்ளைக்கரு.
கிட்டப் போனால் நம் முகம் தெரியும்.

இருபத்தேழாவதாக நீமா வந்தாள்.
தான்சானியா, முதுகலை வேதியியல்,
என் வகுப்பு, என் பெஞ்சு.
எங்களில் பலருக்கு வராத ழகரம்
அவளுடைய 'எழுந்தருள்க'வில் வந்தது.
சந்தனத் தட்டைச் சாய்க்காமல்
மூன்று படி இறங்கினாள்.
பன்னீர்ச் செம்பை
மணிக்கட்டால் மட்டும் சுழற்றினாள்.

"போட்டோவுல பல்லு மட்டும்தான் தெரியும்"
என்றார் யாரோ.
யாரோ இல்லை, சிகப்பி மேடம்.
பெயர்தான் சிகப்பி, என்னைப்போல மாநிறம்.
மாநிறம் என்பது
கறுப்பை நாங்கள் வீட்டுக்குள் கூப்பிடும் பெயர்.
எல்லாரும் சிரித்தார்கள்.
சிரித்தோம் என்றுதான் எழுத வேண்டும்.
என் முகத்தில் அன்று பவுடர்,
கழுத்து வேறு நிறத்தில் இருந்தது.

'தோற்றப் பொலிவு, பத்துக்கு' என்ற கட்டத்தில்
முதலில் எட்டு போட்டிருந்தேன்.
ரப்பர் பக்கத்திலேயே இருந்தது.
அழித்துவிட்டு
இரண்டு.

பட்டியல் ஒட்டிய மாலை
விடுதிக் குழாயடியில்
ஆய்வகக் கோட்டை அலசிக்கொண்டிருந்தாள்.
"காரணம் கேட்டு எழுதினேன்.
குழு முடிவே இறுதி என்கிறார்கள்.
தகவல் கேட்க உங்கள் நாட்டில்
சட்டம் இருக்கிறதாமே?"
போனில் தேடிப் படித்தோம்.
குடிமக்கள் மட்டும்தான் கேட்கலாம்.
கோட்டைப் பிழிந்து உதறினாள்,
தண்ணீர் என்மேல் தெறித்தது.
"நீ குடிமகள்தானே" என்றாள்.

பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டினேன்.
பொருள்: மதிப்பெண் தாள்களின் நகல் கோருதல்.
விண்ணப்பதாரர்: ரா. பொற்கலை.
நான் எழுதியதை
எனக்கே காட்டுங்கள் என்று கேட்க
எவ்வளவு சுற்றுவழி.

சிகப்பி மேடம் கூப்பிட்டனுப்பினார்.
"மாட்டப்போறது யாருன்னு தெரியுமாம்மா?"
"தெரியும் மேடம்."
"தெரிஞ்சுமா?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
மின்விசிறி சுற்றியது.
அவருக்கு மட்டும் டீ வந்தது.

இருபத்தெட்டாம் நாள் உறை வந்தது.
ஒவ்வொரு பக்கத்திலும் ஊதா முத்திரை:
உண்மை நகல்.
ஜெராக்ஸில் வெள்ளை இன்னும் வெள்ளையாக,
கறுப்பு இன்னும் கறுப்பாக.
அழித்த எட்டுகூட
இரண்டுக்குப் பின்னால்
புகைபோல நின்றது.

ஆய்வகத்தில் நீமா
சொட்டு இளஞ்சிவப்பாகும்வரை காத்திருந்து
குழாயைத் திருகி மூடி
அளவைக் குறித்துக்கொண்ட பிறகுதான்
தாளை வாங்கினாள்.
நிறைய நேரம் பார்த்தாள்.

"இரண்டை வாத்துபோலப் போடுகிறாய்.
ரெக்கார்டு நோட்டிலும் இப்படித்தான்."

வாயைத் திறந்தேன்.
"இப்போது வேண்டாம்" என்றாள்.
"நகல் பக்கத்துக்கு எவ்வளவு?"

"இரண்டு ரூபாய்."

"மற்ற நாற்பது பேருக்கும் எடு."

பர்ஸைத் திறந்து
சில்லறையை எண்ணத் தொடங்கினேன்.